செவிலியர் பணி: அன்றாடச் சவால்களும் பணி வாழ்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணியில் இருக்கும் செவிலியர்களும், படிப்பை முடித்து இப்போதுதான் வார்டுக்குள் காலடி வைப்பவர்களும், அவர்களுடைய குடும்பத்தினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன. பல ஆண்டுகள் பொது வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. செவிலியர் நோயாளிக்குத் தருபவை அனைத்திலும் மேலானது அவருடைய இடைவிடாத கவனிப்பு. ஆள் பற்றாக்குறை, தூக்கமின்மை, குறுக்கீடு, உடல்வலி, மனச்சோர்வு எனப் பெயர் எதுவானாலும், ஒவ்வொரு சிரமமும் கடைசியில் அந்தக் கவனிப்பைத்தான் அரிக்கிறது. கீழே உள்ள பதில்கள் இந்தக் கோணத்தில் எழுதப்பட்டவை.

ஒரு ஷிஃப்ட் முழுவதும் செவிலியர் உண்மையில் என்ன செய்கிறார்?

ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் டிரிப் மாற்றுவதும் எல்லோர் கண்ணிலும் படும். அந்தக் கைவேலைகளுக்கு அடியில் வேறொரு வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. டிரிப்பை மாற்றும்போதே கை வீங்கியிருக்கிறதா, சிறுநீர் சேகரிக்கும் பையில் அளவு குறைந்திருக்கிறதா, நேற்று எழுந்து உட்கார்ந்து பேசியவர் இன்று ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு அவருடைய சுவாசம் நிமிடத்துக்கு 16. 10 மணிக்கு 20. பிற்பகல் 2 மணிக்கு 25. பிபி இயல்பாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஆக்ஸிஜன் அளவு 96. ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவது மிக எளிது. ஆனால் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் அறிமுகப்படுத்தி 2017-இல் திருத்தி வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (அளவீடு இயல்பிலிருந்து விலக விலக மதிப்பெண் கூடும்), சுவாசம் 25-ஐத் தொட்டவுடன் அந்த ஓர் அளவீட்டுக்கு மட்டுமே 3 மதிப்பெண் விழும். ஏதேனும் ஓர் அளவீடு தனித்து 3 ஆனால், மருத்துவக் குழுவுக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். நுரையீரலில் கிருமித்தொற்றோ, ரத்தக்கட்டியோ, தையல் போட்ட குடலில் கசிவோ தொடங்கியிருந்தால், அது பிபியில் தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே சுவாசத்தில் தெரியக்கூடும். அந்த எண்ணைச் சரியாக அறிய வேண்டுமானால், கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் படுக்கையருகே நின்று மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். நெரிசலான வார்டில் முதலில் பறிபோவது அந்த ஒரு நிமிடம்தான். எண்ணாமலேயே 18 என்றும் 20 என்றும் எழுதும் பழக்கம் அப்படித்தான் உருவாகிறது.

ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முடியும்?

எல்லா வார்டுக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. ஆயினும் எண்ணிக்கைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு நன்றாகவே நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்க ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு முறையும், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வது தெரியவந்தது. 2014-இல் 9 ஐரோப்பிய நாடுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்விலும் ஏறத்தாழ அதே அளவு வெளிப்பட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் இந்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பை நடைமுறைப்படுத்தியது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு 2 பேர், பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டில் ஒருவருக்கு 5 பேர் என்பதே எல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 2 கோடியே 79 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள். பற்றாக்குறை 59 லட்சம். எனவே தன் பொறுப்பில் பல மடங்கு நோயாளிகளை வைத்துக்கொண்டு திணறுபவர், தன் திறமைக் குறைவால் இப்படி ஆகிறது என்று எண்ணிக் குமைய வேண்டியதில்லை.

அன்றைய ஷிஃப்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணி தொடங்கிய அரை மணி நேரத்துக்குள், எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மோசமான நிலையில் உள்ளவர்கள், எந்தெந்த வேலைகள் நேரத்துக்கு நடக்க வழியில்லை என்பதைப் பொறுப்பாளரிடம் சொல்லி, எழுத்திலும் பதிவு செய்யுங்கள். கூடுதல் ஆள் வராமலே போகலாம். அப்போதும், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்ற முடிவின் பாரம் உங்கள் தலைமேல் மட்டும் இருக்காது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சொன்னால் அது வெறும் புகார் ஆகிவிடும். தொடக்கத்தில் சொன்னால் அது எச்சரிக்கை.

இரவுப் பணி ஏன் உடலை இவ்வளவு வாட்டுகிறது? எப்படிச் சமாளிப்பது?

மனித உடலின் உள்கடிகாரம் பகல் வெளிச்சத்தைப் பின்பற்றி ஓடுகிறது. எத்தனை ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தாலும் பெரும்பாலோருக்கு அது முழுமையாகத் தலைகீழாவதில்லை. உடல் வெப்பநிலை மிகவும் தாழ்வது விடியற்காலை 3 முதல் 5 மணிக்குள். விழிப்புநிலையும் அப்போதுதான் அடிமட்டத்துக்குப் போகும். துரதிருஷ்டவசமாக, ரத்த மாதிரி எடுப்பது, காலை மருந்துகளைத் தயார் செய்வது, இரவு முழுவதற்கான கணக்கை எழுதுவது ஆகிய எல்லாம் வந்து குவிவதும் அந்த நேரத்தில்தான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் இரவுப் பணிக்குப் பகலில் தூங்காமல் வருபவர், நள்ளிரவுக்கு முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார். நீண்டகால விளைவையும் மறைக்கத் தேவையில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இரவு ஷிஃப்ட் பணியை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ளது’ என்ற பிரிவில் 2007-இல் சேர்த்து, 2019-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது.

முதல் இரவுக்கு முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது தூங்குவது மிகுந்த பலன் தரும். இடைவேளையில் 20 நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம். அதற்கு மேல் நீண்டால், எழுந்தவுடன் தலை கனத்து, சற்று நேரம் எதையும் சரியாக யோசிக்க வராது. காபியின் தாக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், விடியற்காலை 3 மணிக்குப் பிறகு குடிக்கும் காபி பகல் தூக்கத்தைக் கெடுக்கும். இரட்டைச் சரிபார்ப்பு தேவைப்படும் மருந்துக் கணக்குகளை முடிந்தவரை விடியற்காலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வீடு திரும்பும் வழியில் தானே வண்டி ஓட்டுவது இரவுப் பணியின் மிக ஆபத்தான பகுதி. கண் செருகினால் வண்டியை நிறுத்தித் தூங்கிவிட்டுப் போவதைத் தவிர வேறு மருந்து கிடையாது; முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வது சில நிமிடங்களுக்குக்கூடத் தாங்காது.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இரவுப் பணி முடித்தவரின் பகல் தூக்கம் ஓய்வு நேரம் அன்று. அது அவருடைய இரவு. ‘சும்மாதானே படுத்திருக்கிறாய்’ என்று சொல்லி எழுப்புவது, மற்றவர்களை நள்ளிரவு 2 மணிக்கு எழுப்புவதற்குச் சமம்.

ஷிஃப்ட் அட்டவணையில் எதைக் கேட்டுப் பெறலாம்?

காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் அட்டவணை, பின்னோக்கிச் சுழல்வதைவிட உடலுக்கு இசைவானது. நம் உள்கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால், தாமதமாகத் தூங்கப் பழகுவது சீக்கிரம் தூங்கப் பழகுவதைவிட எளிது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் செவிலியர்களுக்கென்றே தனி உடன்படிக்கையையும் பரிந்துரையையும் ஏற்றுக்கொண்டது. இரு ஷிஃப்டுகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும், மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பணி அட்டவணை போதிய அவகாசத்துடன் முன்னரே தெரிவிக்கப்பட வேண்டும் என்று அந்தப் பரிந்துரை கூறுகிறது. மாலைப் பணி முடித்து நள்ளிரவில் வீடு சேர்ந்தவரை மறுநாள் காலைப் பணிக்கு அழைப்பது பல இடங்களில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. முதலில் ஒழிக்கப்பட வேண்டிய வழக்கம் அதுதான் என்பது என் கருத்து.

பணி ஒப்படைக்கும்போது எதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்?

வீட்டுக்குப் போகத் துடிப்பவரும் இப்போதுதான் வந்து சேர்ந்தவரும் சந்திக்கும் அந்தப் பத்து நிமிடங்களில் தகவல்கள் நழுவிவிடும். பெயர், நோய், எத்தனையாவது நாள் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டிலேயே இருக்கின்றன. அதில் இல்லாததைச் சொல்வதற்குத்தான் ஒப்படைப்பு: எது மாறியிருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, எது கவலை தருகிறது. ‘பொட்டாசியம் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, வந்ததும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்’, ‘ஆறாம் படுக்கைக்காரர், தன் மகன் வந்தபோது ஆளை மாற்றிப் பெயர் சொன்னார், அதற்கு முன்பு தெளிவாக இருந்தார்’ என்பன போன்ற இரண்டு வாக்கியங்கள், மனப்பாடமாக ஒப்பிக்கும் இரண்டு பக்கங்களைவிட மதிப்புள்ளவை. முடிந்தவரை படுக்கையருகே நின்றே ஒப்படையுங்கள். டிரிப் ஓடும் வேகம், ஊசிக்குழாய் செருகிய இடம், காயக்கட்டின்மேல் ரத்தக் கசிவு, முதுகுத் தோல் ஆகியவற்றை இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டால் பிற்பாடு எழும் சச்சரவுகளில் பாதி இல்லாமல் போகும்.

மருந்து கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

மருந்து டிராலியுடன் நிற்கும் செவிலியர்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறார். ஆகவே தொலைபேசி, உறவினரின் கேள்வி, ‘சிஸ்டர், ஒரு நிமிஷம்’ எல்லாம் அவரையே நாடி வருகின்றன. ஆஸ்திரேலியாவில் இரண்டு மருத்துவமனைகளில் செவிலியர்களை நேரில் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீடும் செயல்முறைத் தவறுகளையும் மருந்துத் தவறுகளையும் தலா 12 சதவீதம் அளவுக்கு உயர்த்துவது தெரியவந்தது. நோயாளியின் உயிர் ஆபத்தில் இருந்தாலன்றி, எடுத்த மருந்தைக் கொடுத்துப் பதிவு செய்த பிறகே திரும்பிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. ‘இந்த மருந்தை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டால் போதும். குறுக்கீட்டைத் தவிர்க்கவே முடியாவிட்டால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் பெயர்ப் பட்டையைப் பார்ப்பதில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.

இன்சுலின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், செறிவான பொட்டாசியம் குளோரைடு, மார்ஃபின் வகை மருந்துகள் ஆகியவற்றுக்கு இரண்டாவது செவிலியரின் சரிபார்ப்பு வேண்டும். அவர் உங்கள் கணக்கைப் பார்த்துத் தலையசைத்தால் போதாது. தாமே தனியாகக் கணக்கிட்டு அதே விடைக்கு வர வேண்டும். இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்ற சொல்லை முழுமையாக எழுதுங்கள். ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யமாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆன சம்பவங்கள் மருத்துவ உலகில் பலமுறை நடந்துள்ளன.

மருத்துவரின் உத்தரவில் சந்தேகம் எழுந்தால் எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள்தான் அதிகம். அந்தத் தயக்கமே, கேள்வியை அவசியமாக்குகிறது. மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பதற்கு முன், சொல்ல வேண்டியதை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இப்போதைய நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, நீங்கள் கேட்பது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்ட இந்த முறை பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்தது. முன்னே சொன்ன நோயாளிக்காக அழைப்பவர் இப்படிப் பேசலாம்:

“டாக்டர், அறுவை சிகிச்சை வார்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். பன்னிரண்டாம் படுக்கை நோயாளிக்குச் சுவாசம் 25 ஆகிவிட்டது. குடல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். காலையில் சுவாசம் 16 இருந்தது. பிபியும் காய்ச்சலும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் உள்ளே ஏதோ மாறுகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அரை மணி நேரத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். அதற்குள் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பட்டுமா?”

இதில் மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை, சண்டை போடும் தொனியும் இல்லை. மருந்து அளவைப் பற்றிய சந்தேகமானால், ‘இந்த அளவு எனக்குக் கவலை தருகிறது, நீங்கள் ஒரு முறை சரிபார்த்துச் சொன்ன பிறகு கொடுக்கிறேன்’ என்று சொல்லலாம். தெளிவு கிடைக்கும்வரை மருந்தை நிறுத்திவைப்பது செவிலியரின் தொழில்முறைக் கடமை. பதில் கிடைக்காவிட்டாலும் திட்டு கிடைத்தாலும், பொறுப்பாளர் வழியாக அடுத்த நிலையில் உள்ள மருத்துவரை அணுகி, அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறித்துவையுங்கள். வாய்மொழியாகத் தரப்படும் உத்தரவை உடனே திரும்பப் படித்துக் காட்டி உறுதிசெய்துகொள்வதும் இதோடு சேர்ந்தது.

பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள்; பிளீச்சிங் திரவம் போன்ற எரிச்சலூட்டும் எதையும் ஊற்றாதீர்கள். கண்ணிலோ வாயிலோ ரத்தம் தெறித்திருந்தால் நிறையத் தண்ணீரால் அலசுங்கள். பிறகு உடனடியாக, ஷிஃப்ட் முடியும்வரை காத்திராமல், தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். எச்ஐவி தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று பரவும் வாய்ப்பு சராசரியாக 0.3 சதவீதம். தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. தொடர்ந்து 28 நாட்கள் எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி இதைவிடப் பன்மடங்கு வேகமாகப் பரவக்கூடியது. தடுப்பூசி போடாதவருக்கு அதன் ஆபத்து 6 முதல் 30 சதவீதம் வரை. எனவே பணியில் சேருமுன்பே மூன்று தவணைத் தடுப்பூசியை முடித்து, உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்து, அந்தப் பரிசோதனை முடிவைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பலர் ஊசி குத்தியதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள். ‘கவனக்குறைவு’ என்ற பழி வருமோ என்ற அச்சமே காரணம். ஊசிக்கு மறுபடி மூடி போடுவது, முக்கால் பங்கு நிரம்பிய பிறகும் கூர்முனைக் கழிவுப் பெட்டியை மாற்றாமல் விடுவது, ஓடி ஓடி வேலை பார்ப்பது ஆகியவைதான் இந்த விபத்துகளின் வழக்கமான பின்னணி. இவற்றில் பெரும்பாலானவை ஏற்பாட்டின் குறைகள் என்பதால், புகார் பதிவாகாமல் அவை சரியாகப் போவதில்லை.

முதுகுவலி இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாததா?

தவிர்க்க முடியாதது என்று ஏற்றுக்கொண்டதுதான் பிரச்சினையே. ‘முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்குங்கள்’ என்ற அறிவுரை, கைப்பிடி உள்ள பெட்டிக்குப் பொருந்தும்; நழுவும், திமிறும், பிடி கிடைக்காத மனித உடலுக்குப் பொருந்தாது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வுத் துறையினர் வகுத்த கணக்கின்படி, மிகச் சாதகமான சூழலிலும் ஒருவர் கையால் தாங்க வேண்டிய நோயாளி எடை ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெரியவர் ஒருவரின் கால் மட்டுமே அதை நெருங்கிவிடும். நோயாளியை நகர்த்த அடியில் விரிக்கும் வழுக்குத் துணி, தூக்குக் கருவி, படுக்கையின் உயரத்தை இடுப்பளவுக்கு ஏற்றிக்கொள்வது, இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருப்பது ஆகியவையே உண்மையான பாதுகாப்பு. படுக்கைப்புண் வராமல் இருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்கும் வார்டில், ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை குனிய வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், கருவி கேட்பது ஆடம்பரம் அன்று என்பது விளங்கும்.

வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும்கூட நேரமில்லையே?

பல மணி நேரம் சிறுநீரை அடக்கிவைப்பதும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். பக்கத்தில் பணிபுரிபவருடன் பேசி, ஒருவர் படுக்கைகளை மற்றவர் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளும் முறையை ஷிஃப்டின் தொடக்கத்திலேயே நேரம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் கிடைக்காது.

நோயாளியோ உறவினரோ ஆத்திரத்துடன் கத்தினால்?

பெரும்பாலான கோபத்துக்குப் பின்னால் பயமும், யாரும் எதையும் சொல்லவில்லையே என்ற தவிப்பும் இருக்கின்றன. குரலைத் தாழ்த்தி, அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, தெரிந்ததைத் தெளிவாகவும், மருத்துவர் எப்போது வந்து பேசுவார் என்பதை உறுதியாகவும் சொல்லிவிட்டால் நிறைய நெருப்பு அணைந்துவிடும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கை ஓங்குவது, தொடுவது, கொச்சையாகப் பேசுவது, கைபேசியில் படம் பிடித்து மிரட்டுவது ஆகியவற்றைப் ‘பாவம், கவலையில் இருக்கிறார்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு கை தூரத்துக்கு அப்பால், வாசல் உங்கள் பக்கம் இருக்கும்படி நின்று, தனியாக இருக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். பணியிட வன்முறைக்கும் தொல்லைக்கும் எதிராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய உடன்படிக்கை, வாடிக்கையாளர் போன்ற வெளியாட்களிடமிருந்து வருவதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அடி வாங்கிய செவிலியரை அதே வார்டுக்கு மறுநாளே அனுப்பி, எதுவும் நடக்காததுபோல் நடந்துகொள்ளும் நிர்வாகம், அவரை இரண்டாம் முறையும் காயப்படுத்துகிறது.

நோயாளிகளின் மரணத்தை எப்படித் தாங்குவது? மனச்சோர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. வாரக்கணக்கில் பராமரித்த ஒருவர் இறந்ததும் அழுகை வருவது துக்கம். அது இயல்பானது, நோய் அன்று. உடலைத் துடைத்து, கண்களை மூடி, குழாய்களை அகற்றி, தலைமுடியைச் சீவி, குடும்பத்தார் பார்க்கும்படி செய்யும் அந்தக் கடைசிப் பணியை அவசரமில்லாமல் செய்ய நேரம் கிடைத்தால், துக்கம் பெரும்பாலும் வழி கண்டு தணிகிறது. அடுத்த நோயாளி அதே கட்டிலுக்கு இருபது நிமிடத்தில் வந்துவிடுவார் என்ற நெருக்கடிதான் அதை அடைத்துவைக்கிறது. சில அவசர சிகிச்சைப் பிரிவுகளில், உயிர்காக்கும் முயற்சி தோற்றதும் அங்கிருக்கும் அனைவரும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கிறார்கள். செலவில்லாத இந்த வழக்கத்தை எந்த வார்டிலும் தொடங்கலாம்.

பணிச்சோர்வு வேறு வகை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை நீடித்த பணி அழுத்தத்தால் வரும் ஒரு தொழில்சார் நிலை என்று வரையறுத்து, மூன்று அடையாளங்களைக் கூறியது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மேல் கசப்பு, திறன் குறைந்துவிட்டதான உணர்வு. நோயாளியின் பெயர் மறந்து ‘அந்த எட்டாம் நம்பர்’ என்று மட்டுமே நினைவில் நிற்கத் தொடங்கினால், விடுமுறை நாளிலும் அழைப்பு மணி காதில் ஒலித்தால், தள்ளிப்போடாமல் யாரிடமாவது பேசுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே மருத்துவ உதவி பெறுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாமல் தடுக்கப்படும்போது எழும் வேதனை அது. தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது இதற்கு அறநெறித் துயரம் என்ற பொருளில் பெயரிட்டார். பயனற்றது என்று தெரிந்த சிகிச்சையைத் தொடர்ந்து செய்வதும், வலியால் துடிப்பவருக்கு மருந்து உத்தரவு வராமல் காத்திருப்பதும் இந்த வகை. யோகாவும் விடுமுறையும் இதைத் தீர்க்காது. சிகிச்சைக் குழு கூடிப் பேசும் இடத்தில் செவிலியருக்கு நாற்காலி கிடைத்தால்தான் தீரும்.

முதல் ஆண்டு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

படிக்கும்போது ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. பணியில் சேர்ந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் பல நோயாளிகள். விதிகளை வரிசையாகப் பின்பற்றப் பழகியவருக்கு, எந்த விதி இப்போது முதலில் என்று தேர்ந்தெடுக்கும் பார்வை இன்னும் வந்திருக்காது. செவிலியர் கல்வி அறிஞர் பட்ரிஷியா பென்னர் 1984-இல், புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரையிலான வளர்ச்சியை ஐந்து படிகளாக விளக்கினார். ஒரே வகைப் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பிறகே ஒருவர் நடுப்படியை எட்டுகிறார் என்பது அவருடைய கணிப்பு. ஆறு மாதத்தில் ‘எனக்கு எதுவும் வரவில்லை’ என்று முடிவு கட்டுவது மிகவும் அவசரம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த நோயாளி உங்களுக்குச் சரியாகத் தோன்றவில்லையோ, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், மூத்தவரை அழைத்துக் காட்டுங்கள். ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஏளனம் செய்யும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புதியவரின் கேள்வியை அடக்கும்போது நோயாளியின் பாதுகாப்பையும் சேர்த்து அடக்குகிறார்கள். மூத்தவர்களில் எவர் பொறுமையாக விளக்குவார் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டு, அவருடைய ஷிஃப்டில் அதிகம் கற்றுக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும்போது எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

உறுதியானவுடனே பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். புற்றுநோய் மருந்துகளைக் கலப்பது, கதிர்வீச்சு உள்ள இடங்களில் நிற்பது, கனமான நோயாளிகளைத் தூக்குவது, சின்னம்மை போன்ற தொற்றுகள் உள்ளவரை எதிர்ப்புச் சக்தி இல்லாத நிலையில் பராமரிப்பது ஆகியவற்றிலிருந்து பணியை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

ஆண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கையின்படி உலகச் செவிலியர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெண்களாக இருந்தார்கள். ஆண் செவிலியர்களை ஆள் தூக்கவும் முரட்டு நோயாளிகளைப் பிடிக்கவும் மட்டும் அழைப்பது அவர்களுடைய படிப்பை வீணாக்குவதாகும். பெண் நோயாளிகளின் அந்தரங்கப் பராமரிப்பில் அனுமதி கேட்பதும், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்வதும் நல்ல நடைமுறை.

வெளிநாட்டுப் பணிக்குப் போகுமுன் எதைக் கவனிக்க வேண்டும்?

உலகில் எட்டுச் செவிலியர்களில் ஒருவர், தாம் பிறந்த அல்லது பயிற்சி பெற்ற நாட்டுக்கு வெளியே பணிபுரிந்தார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2020 அறிக்கை கூறியது. ஆகவே இது புதிய பாதை அன்று. ஆனாலும் இதில் குழிகள் பல. போகும் நாட்டில் செவிலியராகப் பதிவு கிடைத்த பிறகா, அதற்கு முன்பா உங்களை அழைக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். பதிவு கிடைக்கும்வரை உதவியாளர் சம்பளத்தில் உதவியாளர் வேலை செய்ய நேரிடலாம். ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் முழுவதும் படித்து, பாதியில் விலகினால் எவ்வளவு தொகை கட்ட வேண்டும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவு என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் எவரிடமும் ஒப்படைத்து வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை, வெளிநாட்டிலிருந்து வரும் சுகாதாரப் பணியாளர்கள் உள்நாட்டுப் பணியாளர்களுக்குச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. மொழித் தேர்வில் தேறுவது ஒன்று. வலியை நோயாளி எந்தச் சொல்லால் சொல்வார் என்று அறிவது வேறொன்று. இரண்டாவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

பதவி உயர்வு என்றாலே படுக்கையருகிலிருந்து விலகிப் போவதுதானா?

பல அமைப்புகளில் அப்படித்தான் இருக்கிறது. கைதேர்ந்த செவிலியருக்குச் சம்பளம் உயர வேண்டுமானால் நிர்வாக மேசைக்குப் போக வேண்டும். நோயாளி தன் மிகச் சிறந்த கவனிப்பாளரை இழக்கிறார். இதை மாற்றும் பாதைகளும் உருவாகியுள்ளன. 1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து, நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சை தரும் உயர்நிலைச் செவிலியர் பணி பிறந்தது. டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, புண் பராமரிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு, நோய்த் தணிப்புப் பராமரிப்பு, நீரிழிவு ஆலோசனை ஆகியவற்றில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள், நோயாளிக்கு அருகிலேயே இருந்துகொண்டு வளர முடியும். கற்பிக்க விருப்பமுள்ளவர் வார்டு அனுபவம் நான்கைந்து ஆண்டுகளாவது பெற்ற பிறகு கல்லூரிக்குப் போவது மாணவர்களுக்கு நல்லது என்பேன்.

வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. எப்படி முடிவெடுப்பது?

தொடர் இரவுப் பணியின் கடைசி நாளில் முடிவெடுக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் நன்றாகத் தூங்கிய பிறகு யோசித்து, வெறுப்பு எதன்மேல் என்று பிரித்துப் பாருங்கள். அந்த வார்டின்மேலா, அந்த மருத்துவமனையின்மேலா, ஷிஃப்ட் முறையின்மேலா, நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையின்மேலேயேவா? முதல் மூன்றுக்கும் தொழிலை விடாமலே தீர்வு உண்டு: பிரிவு மாற்றம், இட மாற்றம், வெளிநோயாளிப் பிரிவு, சமூக நலப் பணி, பகுதி நேரப் பணி. நான்காவதாக இருந்தால், அதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பல ஆண்டுகள் செய்த பணி அதனால் பொய்யாகிவிடாது.

எந்த முடிவானாலும், வெளியேறுமுன் பிரிவு வாரியான காலத்தைக் குறிப்பிட்டு அனுபவச் சான்றிதழ் வாங்குங்கள். செவிலியர் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். இடையில் விட்டுவிட்டால், திரும்பி வர நினைக்கும் நாளில் மறுபடி பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுத நேரிடலாம்.